பக்கத்து நாற்காலி

1999-ல் எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று நாற்காலிகள் போட்டிருப்பார்கள். நடுவில் இருப்பவன் தட்டுவான். வலப்பக்கத்துக்காரன் திரையில் விரலை வைத்து, "டேய், செமிகோலன் விட்டுட்டே" என்பான். இடப்பக்கத்துக்காரன் அடுத்த வகுப்புக்கான ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருப்பான். நான் அநேகமாக இடப்பக்கத்துக்காரன்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு நான்கு பேர் ஒரு பேட்ச். எங்களுடையது நூலக மேலாண்மை. முன்னால் விஷுவல் பேசிக், பின்னால் எம்எஸ் அக்சஸ். அந்த ஆண்டுகளில் பாதிப் பிள்ளைகள் நூலக மேலாண்மையும் மீதிப் பாதி சம்பளப் பட்டியலும் செய்தார்கள் என்றால் அது மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. நால்வரில் ஒருவன் கோடிங் எழுதினான். இன்னொருவன் திரைகளுக்கு வண்ணம் பூசினான். மூன்றாமவனின் அக்கா வீட்டில் பிரிண்டர் இருந்தது. நான் அறிக்கையை எழுதி, பாளையங்கோட்டையில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து, கறுப்பு அட்டையில் தங்க எழுத்து அடித்து வாங்கிவந்தேன். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல், "ஃப்ரண்ட் எண்ட் என்ன, பேக் எண்ட் என்ன" என்ற வழக்கமான கேள்விகளை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இதுல உன் பங்கு என்னப்பா?" என்றார்.

"டாக்குமெண்டேஷன் சார்."

அவர் சிரிக்கவில்லை. நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் விழுந்தது.

இதில் யாருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. வைவாவுக்கு முந்தைய சனிக்கிழமை, எழுதியவனும் வண்ணம் பூசியவனும் ஆளுக்கொரு ஃபிளாப்பியில் ப்ராஜெக்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திங்கள்கிழமை காலையில் இரண்டு "கடைசிப் பிரதிகள்" வந்து சேர்ந்தன. ஒன்றில் அபராதக் கணக்கு சரியாக வந்தது. மற்றதில் திரைகள் பளிச்சென்று இருந்தன. இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அழகைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் மென்பொருளில் புத்தகம் எத்தனை நாள் தாமதமானாலும் அபராதம் தப்பாகவே வந்தது; எக்ஸ்டர்னல் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் என்ன செய்வது என்பதற்கு உலகம் அதற்குள் பலமுறை விடை எழுதியிருந்தது. பெல் ஆய்வகத்தில் 1972-ல் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், பர்டூ பல்கலைக்கழகத்தில் 1982-ல் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் எல்லாம் நாங்கள் ஃபிளாப்பியோடு முழிப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்தவை. எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. பாடத்திட்டத்தில் "கூட்டாகச் செய்க" என்று இருந்தது. எப்படிக் கூட்டாகச் செய்வது என்பது எந்தத் தாளிலும் இல்லை.

பின்னாளில் நானும் அந்தப் பாடத்தையே நடத்தும் வாத்தியார் ஆனேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில், மாணவர்கள் கோடிங் பழக இணையத்தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. கணக்கைப் போட்டால் பச்சை டிக் விழும் வகைத் தளம். இளம் ஆசிரியர் ஒருவர், "சார், இதோட டீம் ப்ராஜெக்ட்டும் சேர்த்தா புதுசா இருக்கும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் "புதுசா" என்ற சொல் என்னை உறுத்தியது. இணையம் வழியாக நிரலெழுதக் கற்பித்தவர்கள் முதலில் வெட்டிப்போட்ட பகுதியே குழு வேலைதான். வெட்டிய கதையும் ஒட்டப்பார்த்த கதையும் பதினைந்து ஆண்டுக்குள் அடங்கும். கற்பித்த கதை அதைவிட மூத்தது.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். மென்பொருள்கள் தாமதமாகின்றன, செலவு மீறுகிறது, எழுதி முடித்ததும் வேலை செய்வதில்லை என்பதுதான் அவர்களுடைய புலம்பல். மென்பொருள் பொறியியல் என்ற சொல் ஊரறிந்த சொல்லானது அங்கேதான். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரும் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-ல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். தாமதமான வேலையில் மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் எல்லோரும் அறிந்த பகுதி. ஆள் கூடினால் பேச்சு கூடும், பேச்சு கூடினால் வேலை நேரம் குறையும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் நின்றவர்களுக்கு இதற்குப் புத்தகம் தேவையில்லை.

ஆக, நிரலெழுதுவது கூட்டுத்தொழில் என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. அதை வகுப்பில் எப்படி நடத்துவது? இங்கேதான் எனக்குப் பிடித்த இரண்டு பேராசிரியக் குறும்புகள் வருகின்றன.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்னாஸ் ஒரு பாடம் நடத்தினார். ஒரு மென்பொருளைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு மாணவர்களிடம் கொடுப்பார். அடுத்தவர் துண்டின் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. அது என்ன செய்யும் என்ற குறிப்பு மட்டும் கையில் இருக்கும். கடைசியில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவற்றைக் கலந்து பூட்டி ஓட்டுவார்கள். எவருடைய துண்டை எடுத்துச் செருகினாலும் ஓட வேண்டும். குறிப்பு ஒழுங்காக இருந்தால் ஓடும். அந்தக் காலத்து ஆய்வுகளிலிருந்து 1972-ல் அவர் எழுதிய கட்டுரையை நான் இன்றும் வகுப்பில் நடத்துகிறேன்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹார்னிங், டேவிட் வார்ட்மன் இருவரும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 'சாஃப்ட்வேர் ஹட்' என்று பெயரிட்டு, பாடத்தையே வியாபார விளையாட்டாக்கினார்கள். மாணவர்கள் சிறு சிறு கம்பெனிகள். ஒரு கம்பெனி எழுதிய நிரலை இன்னொரு கம்பெனி விளையாட்டுப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதைத் திருத்தி மேலே கட்டவும் வேண்டும். கந்தலாக எழுதியவனிடம் யாரும் வாங்க மாட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவன் ராத்திரி முழுக்க அடுத்தவன் கந்தலைத் தைத்துக்கொண்டிருப்பான். 1977-ல் இதைப் பற்றிய அவர்களின் கட்டுரை வெளியானது. படித்த அன்று, எங்கள் நூலக மேலாண்மையை எந்தக் கம்பெனியாவது காசு கொடுத்து வாங்கியிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். பைண்டிங்குக்காக வாங்கியிருக்கலாம்.

பக்கத்து நாற்காலிக்கும் ஆய்வு உண்டு. நாங்கள் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதே 1999-ல், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் மாணவர்களைத் தனியாகவும் ஜோடியாகவும் உட்காரவைத்து எழுதச் சொல்லி ஒப்பிட்டார். ஜோடிகளுக்கு ஆள்நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. பிழைகள் குறைந்தன. எங்களை அப்படி உட்காரவைத்தது கணினிப் பற்றாக்குறை. அதற்கு ஜோடி நிரலாக்கம் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்த பத்தாண்டில் ஆய்வகத்தில் கணினிகள் பெருகின. ஆளுக்கொன்று ஆனது. நாற்காலியும் ஒன்றானது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

பிறகு 2011 வந்தது. அந்த ஆண்டின் இலையுதிர் பருவத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை அறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பதிந்தவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். கடைசிவரை வந்தவர்களே 20,000-க்கு மேல். அதே பருவத்தில் ஆண்ட்ரூ இங்கின் எந்திரக் கற்றல் பாடமும் நடந்தது. அடுத்த ஆண்டில் உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. 2011-லேயே தொடங்கிய கோட்அகாடமி, உலாவியைத் திறந்தால் போதும், முதல் வரி எழுதலாம் என்று ஆக்கியது.

இத்தனை லட்சம் பேருக்கு யார் விடைத்தாள் திருத்துவது? மனிதர் திருத்த முடியாது, எந்திரம் திருத்தட்டும் என்றார்கள். கேள்வி ஒன்று, எதிர்பார்க்கும் விடை ஒன்று, உன் நிரல் அதைத் தருகிறதா இல்லையா. நள்ளிரவில் விடையைப் போட்டாலும் அடுத்த நிமிடம் மதிப்பெண் வந்துவிடும். திருநெல்வேலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது வரம். அதைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் எந்திரத்தால் திருத்த முடியாதது அத்தனையும் பாடத்தை விட்டு வெளியே போனது. "உன் பங்கு என்னப்பா?" என்று கேட்க எந்திரத்துக்குத் தெரியாது.

பெர்க்லியில் நடந்ததைப் பார்த்தால் இது வெளிச்சமாகும். ஆர்மாண்டோ ஃபாக்ஸ், டேவிட் பேட்டர்சன் இருவரும் அங்கே நடத்திய மென்பொருள் பொறியியல் பாடத்தின் உயிரே குழு வேலைதான். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றின் உண்மையான தேவைக்கு உண்மையான மென்பொருள் செய்து கொடுப்பார்கள். அந்தப் பாடம் 2012 தொடக்கத்தில் கோர்செராவுக்கு வந்தது. வீடியோ வந்தது, வீட்டுப்பாடம் வந்தது, திருத்தும் எந்திரம் வந்தது. குழு வேலை மட்டும் வரவில்லை.

நானும் அதில் பதிந்திருந்தேன். 2012-ல் தென்மாவட்ட மின்வெட்டு நினைவிருப்பவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். பகலில் எட்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரி மூச்சு விடும் சத்தத்தில் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவேன். பயனரின் கதையை எழுது, சோதனையை முதலில் எழுது, சிறு குழுவாகத் தினமும் பேசு என்று ஃபாக்ஸ் சொல்லிக்கொண்டே போவார். யாரோடு பேசுவது? வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில் காற்று வாங்கப் போயிருப்பார்கள்.

இதே கேள்வி லண்டனில் இருந்த சாம் ஜோசப்புக்கும் வந்திருக்கிறது. அவர் அந்தப் பாடத்தோடு சேர்ந்து இயங்கியவர். விட்டுப்போன குழு வேலையைத் தாமே நடத்துவது என்று இறங்கினார். கூகுள் ஹேங்கவுட்டில் ஆட்களைக் கூட்டினார். ஒருவர் திரையை இன்னொருவர் பார்த்தபடி ஜோடியாக எழுதினார்கள். தினமும் ஒரு சின்னக் கூட்டம். லண்டனில் ஹாரோ பகுதியின் தன்னார்வ அமைப்புகளை மக்கள் தேடிக் கண்டுபிடிக்க உதவும் 'லோக்கல்சப்போர்ட்' என்ற தளம் அப்படி எழுந்தது. இந்தக் கூட்டமே அஜைல்வென்ச்சர்ஸ் என்ற அறநிறுவனமாகவும் ஆனது. அவர்களின் பதிவுகளை யூடியூபில் பார்த்திருக்கிறேன். பாதி நேரம் "நான் பேசுவது கேட்கிறதா?" என்பதில் போகும். ஒருவர் கணினியில் ஓடுவது இன்னொருவர் கணினியில் ஓடாது. மணிக்கணக்கில் அதைத் தேடுவார்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் வேலை என்பது அப்படித்தான் இருக்கும். எனக்குப் பக்கத்து நாற்காலி ஞாபகம் வந்தது.

ஃபாக்ஸும் சும்மா இருக்கவில்லை. 2013-ல் எல்லோரும் லட்சக்கணக்கைப் பற்றிப் பேசியபோது, இணையப் பாடத்தின் வீடியோவையும் எந்திரத்தையும் எடுத்துச் சிறிய வகுப்புக்குள் பயன்படுத்துவதைப் பற்றி எழுதினார். திருத்தும் சுமையை எந்திரம் சுமந்தால் ஆசிரியர் மாணவர்களோடு உட்காரலாம். இந்த ஒரு கணக்கு எங்கள் பாடத்திட்டக் குழுக்களுக்கு மட்டும் ஏனோ தலைகீழாகவே புரிகிறது: எந்திரம் வந்துவிட்டதா, ஆசிரியரைக் குறை.

லட்சக்கணக்கில் குழு பிரிக்க நினைத்தவர்களும் உண்டு. 2013 ஜனவரி இறுதியில், இணையக் கல்வியை எப்படித் திட்டமிட்டு நடத்துவது என்பதையே பாடமாக வைத்து ஜார்ஜியா டெக் கோர்செராவில் ஒரு வகுப்பு தொடங்கியது. 40,000-க்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தார்கள். குழு சேர எல்லோரும் ஒரு கூகுள் விரிதாளில் போய்ப் பெயர் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. ஒரே நேரத்தில் அத்தனை பேர் கை வைத்ததும் தாள் படுத்துவிட்டது. முதல் வாரத்திலேயே வகுப்பை நிறுத்திவைத்தார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதாயிரம் பேரைத் தாங்களாகவே குழு சேரச் சொன்ன அந்தத் துணிச்சலில் ஒரு நல்லெண்ணம் இருந்தது. பந்திக்கு ஆள் பிடிக்கத் தெரிந்தவர்கள் இலை போட ஆள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

குவின்சி லார்சன் 2014 அக்டோபரில் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், ஆரம்பத்தில் ஒரு அழகான கனவோடு வந்தது. பாடங்களை முடித்தவர்கள் ஜோடி சேர்ந்து லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்க வேண்டும். தளம் பெரிதாகப் பெரிதாக, சான்றிதழுக்கான பாதையிலிருந்து அந்தப் பகுதி கழன்றுகொண்டது. பெர்க்லியில் நடந்த அதே கதை. அந்த மாணவர்களிடையே முளைத்த 'சிங்கு' வேறு வழி பிடித்தது. கொரிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நண்பன் என்று பொருள். தனியாக ஒரு ப்ராஜெக்ட் செய்து காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பிறகு நேர மண்டலம் பார்த்துச் சிறு குழுவாக்கி, சில வாரங்களில் ஒன்றைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். நம் பக்கத்தில், 2020-ல் சென்னை ஐஐடி அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பிலும் செயலி செய்யும் ப்ராஜெக்ட்டுகள் தனித்தனியாக, மென்பொருள் பொறியியல் பாடம் மட்டும் குழுவாக என்று வைத்திருக்கிறார்கள். முதலில் தனியாகச் செய்யத் தெரிய வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். எங்கள் பேட்ச்சில் எனக்கு அந்த வாசலே இல்லை. இருந்திருந்தால் நுழைந்திருக்க மாட்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2021 ஊரடங்கில் ஒரு வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, கிட்ஹப்பில் வேலை செய்யச் சொன்னேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கிட், எந்த வரியை யார் எழுதினார்கள் என்பதை வரிக்கு வரி காட்டும். அந்தக் கட்டளைக்கு 'ப்ளேம்' என்றே பெயர். எக்ஸ்டர்னலின் கேள்விக்கு இனி கருவியே பதில் சொல்லும் என்று நம்பினேன். பையன்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒருவன் பதினேழு முறை வெற்று வரி சேர்த்துப் பதினேழு பதிவு போட்டிருந்தான். ஐந்து பேரில் இருவரிடம் லேப்டாப்பே இல்லை, ஃபோன்தான். அவர்கள் பெயரிலும் பதிவுகள் வந்தன. கூட்டாளி போட்டுக்கொடுத்திருக்கிறான். அது ஏமாற்றா, நட்பா என்று இன்றுவரை என்னால் முடிவுகட்ட முடியவில்லை.

ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுக்கும் ஆட்களின் வலுவை அளந்து 1913-ல் வெளியிட்டிருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தால் காட்டும் வலுவில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒவ்வொருவரும் காட்டினார்கள். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்திருக்கும் எவருக்கும் இது தெரியும். வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான் அதிகம். ஆனாலும் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நிற்பவர் கண் எடுப்பதே இல்லை.

மறுபருவத்தில் ஐந்தை நான்காகக் குறைத்தேன். நால்வரும் இரண்டு ஜோடி. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவோடும் இருபது நிமிடம் காணொளியில் உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் டொராண்டோக்காரர்களைக் காப்பியடித்தேன்: உன் குழு எழுதியதை அடுத்த குழுவிடம் கொடு, அவர்களுடையதை வாங்கி மேலே கட்டு. அன்று இரவே ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"சார், எல்லா வேரியபிளுக்கும் ஏ, பி, சின்னு பேர் வச்சிருக்காங்க. எது என்னன்னே தெரியல."

"எழுதினவங்ககிட்ட கேளும்மா."

"கேட்டேன் சார். அவங்களுக்கும் தெரியலையாம்."

பெயர் வைப்பது எப்படி என்று நான் பதினைந்து ஆண்டு நடத்தியதை அந்த ஒரு ராத்திரி நடத்திவிட்டது. அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தி, திரை முழுக்கச் சிவப்பாக மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தபோது, இருவரையும் காணொளியில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தீர்த்தோம். அழகான திரையும் சரியான கணக்கும் ஒரே கோப்பில் நின்றன. நாற்பது நிமிடம் ஆனது. எனக்கு இருபத்திரண்டு ஆண்டு ஆனது.

இந்த முறையில் ஒரு பருவத்துக்கு என்னால் ஆறு குழுக்களைத்தான் பார்க்க முடிகிறது. அதாவது இருபத்துநான்கு பேர். அந்த ஆண்டில் படிப்பவர்கள் நூற்றெண்பது பேர். எல்லோருக்கும் விரித்துவிடுங்கள், ஒரு டேஷ்போர்டு வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். டேஷ்போர்டு நூற்றெண்பது பேரையும் காட்டும். வெற்று வரிப் பையனைப் பச்சையாகக் காட்டும். குழு வேலையை இணையத்தில் சேர்க்கலாமா என்று கேட்டால் சேருங்கள் என்பேன். ஆறு குழுவுக்கு ஓர் ஆள் வைக்கப் பணமில்லை என்றால் சேர்க்காதீர்கள் என்பேன். பாதி வழியில் நிற்பதற்குப் பச்சை டிக்கே மேல், அது யாரையும் பொய் சொல்லவைப்பதில்லை.

வேலையில் இருக்கும் நிரலாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். நீங்கள் படித்த கல்லூரியில் இப்போதும் நாலு பேர் பேட்ச் இருக்கும். அந்த ஆசிரியருக்கு ஒரு ஃபோன் போட்டு, வாரத்துக்கு ஒரு குழு, இருபது நிமிடம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் குழுக்கள் செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குக் கூடுகின்றன.